ஏரிக்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தது

"பெரியப்பா, இந்த முறை நீங்கள் வரும்போது காம்பிங் போகிறோம். மலைக்கு மேலே, ஏரிகள் இருக்கிற காட்டுக்குள்ளே. இரண்டு இரவும் கூடாரத்தில்தான் படுக்கை. குளிர் உடுப்பு மறக்காமல் கொண்டுவாருங்கள்."

கலிபோர்னியாவில் குடியேறி வாழும் என் பெறாமகன் சில ஆண்டுகளுக்கு முன்னர் தொலைபேசியில் இவ்வாறு சொன்னபோது, அவனது குரலில் இருந்த உற்சாகத்தை நான் கவனிக்காமல் இல்லை. ஆனால், அந்தச் சொல் என் காதில் வேறு விதமாக விழுந்தது. 'காம்ப்' என்பது எங்கள் ஊரில் விடுமுறைக்குப் போகும் இடமல்ல. 'ஆமிக் காம்ப்' என்றுதான் எங்கள் பிள்ளைகள் அந்த ஆங்கிலச் சொல்லை முதன்முதலில் கற்றுக்கொண்டார்கள்.

பத்திரிகைக் காரியாலயத்தில் நான் செப்பனிட்ட செய்திகளில் 'முகாம்' என்ற சொல் எத்தனை ஆயிரம் தடவைகள் வந்திருக்கும் என்பதற்குக் கணக்கில்லை. இராணுவ முகாம், அகதி முகாம், தடுப்பு முகாம். பின்னர் 2009 ஆம் ஆண்டில் செட்டிகுளத்தில் முட்கம்பி வேலிக்குள் இலட்சக்கணக்கானோர் வைக்கப்பட்டிருந்த மெனிக் பாம் முகாம்கள். அரசாங்க அறிக்கைகள் அவற்றை 'நலன்புரிக் கிராமங்கள்' என்று எழுதின. சனங்கள் 'முகாம்' என்றே சொன்னார்கள். கூடாரம், தண்ணீருக்கு வரிசை, பொதுக் கழிப்பிடம், விறகடுப்பு ஆகியவற்றைக் காசு கொடுத்து, முன்கூட்டியே பதிவு செய்து அனுபவிக்கும் மனிதர்கள் உலகில் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுப் பிள்ளைகளும் அவர்களில் சேர்ந்துவிட்டார்கள் என்பதுதான் புதிது.

போனேன். இயற்கையின் அழகைக் கண்டு வரலாம் என்றே போனேன். திரும்பி வந்தபோது என்னோடு வந்தது ஒரு ஏரியின் கதை. அதை வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பளபளக்கும் பாறைகள்

கலிபோர்னியாவின் கிழக்குப் புறத்தில் வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கும் சியரா நெவாடா மலைத்தொடரில் அமைந்தது யொசெமிட்டி தேசியப் பூங்கா. அதன் உயர்ந்த பகுதியை ஊடறுத்து டயோகா வீதி செல்கிறது. பனிகாலம் முழுவதும் மூடப்பட்டிருந்து, கோடையிலும் இலையுதிர் காலத்திலும் மட்டுமே திறக்கப்படும் வீதி அது. அதன் ஓரமாக, கடல் மட்டத்திலிருந்து 8,150 அடி உயரத்தில், ஏறக்குறைய ஒரு மைல் நீளத்தில் கிடக்கிறது தெனாயா ஏரி.

ஏரியைச் சுற்றிக் கருங்கல் மலைகள். ஒரு காலத்தில் இந்தப் பள்ளத்தாக்கை நிறைத்துக்கொண்டு மெல்ல நகர்ந்த பனிப்பாறை, தன் அடியிலிருந்த கல்லைத் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிவிட்டுப் போயிருக்கிறது. காலை வெயில் படும்போது பாறை முகங்கள் எண்ணெய் பூசிய விக்கிரகங்களைப் போல் மினுங்குகின்றன. நீர், அடி தெரியும் அளவுக்குத் தெளிவானது. அந்த நீருக்குள்ளும் ஒரு விந்தை உண்டு. ஏரியின் ஆழத்தில் மரங்கள் வேரூன்றியபடியே நிற்கின்றன. மத்திய காலத்தில் பல தசாப்தங்கள் நீடித்த கடும் வரட்சிகளின்போது ஏரி வற்றியிருந்த இடத்தில் முளைத்து வளர்ந்து, மழை திரும்பியபோது நின்ற நிலையிலேயே மூழ்கிப்போன மரங்கள் அவை. ஸ்கொட் ஸ்ரைன் என்ற ஆய்வாளர் 1994 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, கலிபோர்னியாவின் பழைய வரட்சிகளுக்கு இத்தகைய மூழ்கிய மரங்களையே சான்றாகக் காட்டியது.

ஏரிக்கரையிலேயே முன்னர் கூடாரம் அடித்துத் தங்கும் இடம் ஒன்று இருந்தது. கரையின் நலன் கருதி அதைப் பிற்காலத்தில் மூடிவிட்டார்கள். எனவே நாங்கள் அதே வீதியில் சில மைல்கள் மேற்கே, பைன் மரக் காட்டுக்குள் இருந்த முகாமிடத்தில் தங்கினோம். ஒவ்வொரு கூடாரத்துக்கும் ஒரு மேசை, நெருப்பு மூட்ட இரும்பு வளையம், ஒரு இரும்புப் பெட்டி. உணவு மட்டுமல்ல, சவர்க்காரம், பற்பசை உட்பட வாசமுள்ள எதையும் அந்தப் பெட்டிக்குள் வைத்துப் பூட்ட வேண்டும். இல்லாவிட்டால் கரடி வரும். என் மருமகள் கொண்டுவந்திருந்த மிளகாய்த்தூள் போத்தலும் கருவாட்டுப் பொதியும் அன்றிரவு இரும்புப் பெட்டிக்குள் சிறையிருந்தன.

மறுநாட் காலை எல்லோரும் ஏரிக்குப் போனோம். பத்து வயதுப் பேத்தி வீதியோரப் பெயர்ப்பலகையை எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

"தெனாயா என்பது ஒரு ஆளின் பெயரா, அப்பப்பா?"

"ஓம். இங்கே வாழ்ந்த மக்களின் தலைவருடைய பெயர்."

"அப்படியென்றால் அவருக்கு இது மிகவும் பிடித்த இடமா? அதனாலா அவருடைய பெயரை வைத்தார்கள்?"

நான் கொஞ்சம் வாசித்துவிட்டுத்தான் போயிருந்தேன். ஆகவே விடை எனக்குத் தெரிந்திருந்தது. அதை வெயிலில் குளித்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு நடுவே சொல்ல மனம் வரவில்லை. "இரவு சொல்கிறேன், அம்மா" என்றேன்.

அவானியும் பொன்னும்

யொசெமிட்டிப் பள்ளத்தாக்குக்கு அங்கு வாழ்ந்தவர்கள் இட்ட பெயர் அவானி. 'வாய் போன்று திறந்திருக்கும் இடம்' என்பது அதன் பொருளாகக் கூறப்படுகிறது. அங்கு வாழ்ந்த மக்கள் அவானிச்சீ எனப்பட்டனர். தென் சியரா மீவொக் இனத்தோடு சேர்ந்தவர்கள். மலைக்கு அப்பால் கிழக்கே மோனோ ஏரிக்கரையில் வாழ்ந்த பையூட் மக்களோடும் அவர்களுக்குக் கொள்வனை கொடுப்பனை இருந்தது. கருவாலி மரத்தின் கொட்டையை இடித்து மாவாக்கி, அதன் கசப்பை நீரூற்றிப் போக்கிச் சமைப்பதே அவர்களின் பிரதான உணவு. கோடையில் மலை ஏறுவார்கள். மோனோ மக்களோடு பண்டமாற்றுச் செய்வதற்கான ஒற்றையடிப் பாதை இந்த ஏரியைத் தொட்டுத்தான் சென்றது. அவர்கள் ஏரிக்கு இட்ட பெயர் பைவியாக். பளபளக்கும் பாறைகளால் வந்த பெயர் அது.

தெனாயாவின் தந்தை அவானிச்சீ தலைவர். தாய் மோனோ ஏரிப் பெண். ஒரு கொள்ளைநோய் பள்ளத்தாக்கு மக்களைச் சிதறடித்த பின்னர், தாயின் ஊரில் வளர்ந்த தெனாயா, எஞ்சியோரைத் திரட்டிக்கொண்டு தந்தையின் நிலத்துக்குத் திரும்பியவர். ஏறத்தாழ இருநூறு பேர் அவரோடு இருந்தனர் என்று சொல்லப்படுகிறது. இழந்த ஊருக்கு ஒரு தடவை மீண்டுவந்த மனிதர் அவர் என்பதை வாசகர்கள் மனதிற் கொள்ள வேண்டும்.

1848 ஜனவரியில் கலிபோர்னியாவின் கொலோமா என்னும் இடத்தில் பொன் கண்டெடுக்கப்பட்டது. ஒரு சில ஆண்டுகளுக்குள் இலட்சக்கணக்கானோர் வந்து குவிந்தனர். ஆறுகள் கலங்கின, மீன் அழிந்தது, கருவாலி மரங்கள் வெட்டப்பட்டன. பட்டினி கிடந்த பூர்வகுடிகள் குதிரைகளையும் மாடுகளையும் கவர்ந்தனர்; பொன் தேடியவர்கள் துப்பாக்கியால் பதில் சொன்னார்கள். 1850 செப்டெம்பரில் கலிபோர்னியா ஒரு மாநிலமாயிற்று. அதன் முதலாவது ஆளுநர் பீற்றர் பேர்னெற், 1851 ஜனவரியில் சட்டசபைக்கு அனுப்பிய செய்தியில், அந்த இனம் அற்றுப்போகும் வரை அழிப்புப் போர் தொடரும் என்றே எதிர்பார்க்க வேண்டும் என எழுதினார். ஒரு மாநிலத்தின் உத்தியோகபூர்வ ஆவணத்தில் மறைக்காமல் எழுதப்பட்ட வாசகம் அது.

1850 டிசெம்பரில் ஜேம்ஸ் சவேஜ் என்ற வியாபாரியின் கடை தாக்கப்பட்டு அங்கிருந்தவர்கள் கொல்லப்பட்டனர். அதைத் தொடர்ந்து சுமார் இருநூறு பேரைக் கொண்ட மரிபோசா படைப்பிரிவு அமைக்கப்பட்டது. சவேஜே அதன் மேஜர். மலைவாழ் மக்களைப் பிடித்து, சமவெளியில் பிரெஸ்னோ ஆற்றங்கரையில் ஒதுக்கப்பட்ட இடத்துக்குக் கொண்டுவருவதே படையின் வேலை. மத்திய அரசாங்கம் அனுப்பிய மூன்று ஆணையாளர்கள் அங்கு ஒப்பந்தங்கள் செய்துகொண்டிருந்தார்கள்.

நெருப்பைச் சுற்றி இருந்து வைத்த பெயர்

1851 மார்ச் மாதத்தில் படை பனியை மிதித்துக்கொண்டு பள்ளத்தாக்கினுள் இறங்கியது. முதல் நாள் இரவு பிரைடல்வெயில் அருவிக்கு அண்மையில் முகாமிட்டார்கள். படையில் இருந்த லஃபாயெற் பனல் என்பவர், நெருப்பைச் சுற்றி இருந்த தோழர்களிடம் இந்த இடத்துக்கு ஒரு பெயர் வைக்க வேண்டும் என்றார். பல பெயர்கள் முன்மொழியப்பட்டன. இறுதியில் பனல் சொன்ன 'யொசெமிட்டி' வாக்கெடுப்பில் வென்றது. அது அங்கு வாழ்ந்தவர்களின் பெயர் என்று அவர்கள் எண்ணினார்கள். உண்மையில், அயலிலிருந்த ஏனைய இனத்தவர் அச்சத்தோடு அவர்களைக் குறித்த சொல் அது. 'கொலைகாரர்கள்' என்பதே அதன் பொருள் என மொழி ஆய்வாளர்கள் பின்னர் விளக்கினர். இன்று உலகம் முழுவதும் அறிந்த பெயர், ஒரு மக்களை அவர்களின் பகைவர்கள் அழைத்த பெயராகும்.

பள்ளத்தாக்கில் அவர்கள் கண்டது ஓடமுடியாமல் விடப்பட்ட ஒரு முதிய பெண்ணை மட்டும்தான். ஏனையோர் மலைக்குள் மறைந்துவிட்டார்கள். படையினர் குடிசைகளையும், சேமித்து வைக்கப்பட்டிருந்த கருவாலிக் கொட்டைக் களஞ்சியங்களையும் எரித்தனர். உணவை எரித்தால் மனிதர் தாமாக இறங்கி வருவார்கள் என்பது எல்லாப் படைகளும் அறிந்த உபாயம்.

மே மாதத்தில் கப்டன் ஜோன் போலிங் தலைமையில் ஒரு பிரிவு மீண்டும் வந்தது. இம்முறை தெனாயாவின் மூன்று புதல்வர்கள் அகப்பட்டனர். பள்ளத்தாக்கின் வடபுறத்தில் அடுக்காக நிற்கும் மூன்று பாறைகளுக்கு 'மூன்று சகோதரர்' என்று அதனாலேயே பெயர் வந்தது. அவர்களில் இளையவன் தப்பியோட முயன்றபோது சுட்டுக் கொல்லப்பட்டான். பின்னர் பிடிபட்டுக் கொண்டுவரப்பட்ட தெனாயா, முகாமில் முதலில் கண்டது மகனின் சடலத்தை.

எஞ்சியோரைத் தேடிப் படை மலை ஏறியது. உயரத்தில் பனி இன்னும் உருகி முடியவில்லை. தெனாயாவையும் கூட்டிக்கொண்டு போனார்கள். பைவியாக் ஏரிக்கரையில், பசியாலும் குளிராலும் சோர்ந்திருந்த முப்பத்தைந்து பேர் சுற்றிவளைக்கப்பட்டார்கள். பெரும்பாலும் அவர்கள் அனைவரும் தெனாயாவின் குடும்பத்தவர்கள். அவர்கள் எதிர்த்துப் போரிடவில்லை.

அந்த ஏரிக்கரையில் வைத்துத்தான் பனலுக்கு மறுபடியும் பெயர்சூட்டும் ஆசை வந்தது. இந்த ஏரிக்கு உமது பெயரை வைக்கிறோம் என்று அவர் தெனாயாவிடம் தெரிவித்தார். அதற்கு ஏற்கெனவே ஒரு பெயர் உண்டு, நாங்கள் அதைப் பைவியாக் என்கிறோம் என்பது தெனாயாவின் பதில். உமது மக்களை நாம் கண்டுபிடித்தது இந்தக் கரையில். அவர்கள் இங்கு வாழ இனி ஒருபோதும் திரும்பி வரப்போவதில்லை. ஆகையால் உமது பெயர் நிலைத்திருக்கட்டும் என்பது பனலின் விளக்கம். அதைக் கேட்டு அந்த முதியவரின் முகம் இருண்டதாகவும், ஏரிக்குப் பெயர் கிடைப்பது நிலம் பறிபோவதற்கு ஈடாகாது என்று அவர் கருதுவதுபோல் தோன்றியதாகவும் பனலே எழுதியிருக்கிறார்.

இவ்விடத்தில் ஒரு பத்திரிகையாளனாக ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த உரையாடலுக்கு நம்மிடம் இருக்கும் சாட்சியம் பனலின் நூல் ஒன்றுதான். அது வெளிவந்தது 1880 இல், ஏறத்தாழ முப்பது ஆண்டுகளின் பின்னர். பிடித்தவரின் நினைவிலிருந்து பிடிபட்டவரின் சொற்களைப் பெறுகிறோம். அதுவும் மொழிபெயர்ப்பின் வழியாக. ஆயினும், தன் தரப்புக்குப் பெருமை சேர்க்காத ஒரு பதிலை ஒருவர் தானாகவே பதிந்து வைக்கும்போது, அதை நம்புவதற்கு இடமுண்டு. தெனாயாவின் பெயரை ஏரிக்கு இட்டது ஓர் அன்புச் செயல் என்றே பனல் கடைசிவரை எண்ணியிருந்தார் எனத் தோன்றுகிறது. எனக்கு இதுதான் மிகவும் கடினமாக இருந்தது.

திரும்பியதும் திரும்பாததும்

பிரெஸ்னோ ஆற்றங்கரையின் வெப்பத்திலும் அந்நிய உணவிலும் மலைமக்களால் இருக்க முடியவில்லை. தெனாயா கேட்டுக்கொண்டதன் பேரில் அவரும் சிலரும் ஊர் திரும்ப அனுமதிக்கப்பட்டனர். ஆனால் 1852 இல் பள்ளத்தாக்கினுள் பொன் தேடிப் போனவர்களில் இருவர் கொல்லப்பட்டார்கள். லெப்டினன்ட் முவர் தலைமையில் வந்த இராணுவம் கையில் அகப்பட்ட ஆண்கள் சிலரைச் சுட்டுக் கொன்றது. தெனாயா மலையைக் கடந்து மோனோ மக்களிடம் தஞ்சம் புகுந்தார். 1853 இல் அவர் கொல்லப்பட்டார். மோனோ மக்களோடு ஏற்பட்ட பிணக்கில் கல்லெறிந்து கொல்லப்பட்டார் என்று பனல் எழுதியிருக்கிறார். அந்தப் பிணக்குக்குக் காரணம் குதிரைத் திருட்டு என்போரும் உளர். சூதாட்டம் என்போரும் உளர்.

மூன்று ஆணையாளர்களும் கலிபோர்னியா முழுவதிலும் 1851, 1852 ஆம் ஆண்டுகளில் செய்த ஒப்பந்தங்கள் 18. அவற்றை நம்பித் தலைவர்கள் தம் நிலத்தை விட்டுக்கொடுத்தார்கள். பதிலாக ஏறத்தாழ 75 இலட்சம் ஏக்கர் ஒதுக்கப்படும் என்பது வாக்குறுதி. 1852 இல் அமெரிக்க செனற் சபை அவற்றுள் ஒன்றையேனும் அங்கீகரிக்கவில்லை. அத்துடன், அவை இரகசிய ஆவணங்களாக முத்திரையிடப்பட்டு 1905 வரை வெளியே தெரியாமல் கிடந்தன. கைச்சாத்திட்ட ஒப்பந்தங்கள் கிழித்தெறியப்பட்ட வரலாற்றை நம்மவர் அறிவர். கிழிக்காமலே பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவதும் ஒரு முறைதான். 1848 இல் கலிபோர்னியாவில் ஒன்றரை இலட்சம் பூர்வகுடிகள் இருந்தனர் என மதிப்பிடப்படுகிறது. 1870 இல் அத்தொகை முப்பதாயிரம்.

காட்டைக் காத்தவர்கள்

உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1864 ஜூன் 30 ஆம் திகதி, ஆபிரகாம் லிங்கன் யொசெமிட்டிப் பள்ளத்தாக்கையும் மரிபோசாப் பெருமரச் சோலையையும் மக்கள் கண்டுகளிக்கும் பொருட்டுக் கலிபோர்னியா மாநிலத்திடம் ஒப்படைக்கும் சட்டத்தில் கையொப்பமிட்டார். இயற்கைப் பாதுகாப்பின் வரலாற்றில் அது ஒரு மைல்கல். 1869 கோடையில் ஆட்டு மந்தையோடு இந்த மலைகளில் முகாமிட்டுத் திரிந்த ஸ்கொட்லாந்துக்காரர் ஜோன் மியூர், தெனாயா ஏரியின் மெருகேறிய பாறைகளைக் கண்டு பரவசமடைந்தார். 1889 இல் அவரும் பத்திரிகையாசிரியர் ரொபேட் அண்டர்வூட் ஜோன்சனும் அயலிலுள்ள துவாலமி புல்வெளியில் கூடாரம் அடித்துத் தங்கியபோது பிறந்த யோசனை, 1890 ஒக்டோபர் 1 ஆம் திகதி தேசியப் பூங்காவாக மலர்ந்தது. 1903 மே மாதத்தில் ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட் மியூரோடு மூன்று இரவுகள் திறந்த வெளியில் தங்கினார். மூன்றாவது இரவு அவர்கள் தங்கியது பிரைடல்வெயில் புல்வெளியில். 52 ஆண்டுகளுக்கு முன்னர் பனலும் தோழர்களும் நெருப்பைச் சுற்றி இருந்து பெயர் வைத்ததும் அந்தப் பக்கத்தில்தான். அமெரிக்காவின் காடுகளைக் காப்பாற்றிய முகாம் என்று அந்த மூன்று இரவுகளையும் வர்ணிப்பார்கள். அதில் மிகையில்லை. இன்று நாம் அங்கே அருந்தும் காற்றுக்கும் காணும் மரங்களுக்கும் அந்த மனிதர்களிடம் கடன்பட்டிருக்கிறோம்.

ஆனால் அவர்கள் காப்பாற்றியது மனிதர் இல்லாத காட்டை. மனிதர் ஏன் இல்லை என்ற கேள்வி அவர்களை அதிகம் அலைக்கழிக்கவில்லை. மலைகளை அவ்வளவு மென்மையாக எழுதிய மியூர், வழியிற் கண்ட பூர்வகுடிகளை அழுக்கானவர்கள் என்று எழுதினார். அவர் 1892 இல் நிறுவிய சியரா கழகம் 2020 ஜூலையில் அந்த எழுத்துகளால் விளைந்த தீங்கைப் பகிரங்கமாக ஏற்றுக்கொண்டது.

மனிதர் முற்றாக இல்லாமலும் போகவில்லை. அவானிச்சீ வழித்தோன்றல்கள் திரும்பி வந்து விடுதிகளில் துணி துவைத்தார்கள், விறகு பிளந்தார்கள், கூடை முடைந்து விற்றார்கள். 1891 அளவில் அவர்கள் காங்கிரசுக்கு ஒரு மனு அனுப்பினார்கள். எமது பள்ளத்தாக்கை விடுதிக்காரரும் மாடு வளர்ப்போரும் எடுத்துக்கொண்டார்கள். அதற்கு ஈடாகப் பத்து இலட்சம் டொலர் தாருங்கள் என்பது கோரிக்கை. எதுவும் கிடைக்கவில்லை. 1916 முதல் 1929 வரை உல்லாசப் பயணிகளுக்காக 'இந்தியர் விழா' நடத்தப்பட்டது. அதில் அவர்கள் தமக்குச் சம்பந்தமே இல்லாத, சமவெளி இனத்தவரின் இறகுக் கிரீடம் அணிந்து நின்றார்கள். பயணிகள் எதிர்பார்த்த 'இந்தியர்' அப்படித்தான் இருக்க வேண்டியிருந்தது.

1929 கோடையில் பள்ளத்தாக்குக்கு ஒரு மூதாட்டி வந்தார். பெயர் தொத்துயா, மரியா லெப்ராடோ என்றும் அழைக்கப்பட்டவர். தெனாயாவின் பேத்தி. 1851 இல் படை விரட்டியபோது சிறுமியாக வெளியேறியவர், 78 ஆண்டுகளின் பின் முதன்முறையாகத் திரும்பினார். ஊரைப் பார்த்து அவர் அழகு என்று வியக்கவில்லை. புதர் மண்டி, அழுக்காகக் கிடக்கிறதே என்று வருந்தினார்.

அந்த மூதாட்டி சொன்னதன் உட்பொருளை விஞ்ஞானம் பின்னாளில்தான் விளங்கிக்கொண்டது. அவரது மக்கள் ஆண்டுதோறும் சிறு நெருப்பிட்டுப் புதரை எரித்து, கருவாலிச் சோலைகளையும் புல்வெளிகளையும் பேணி வந்தவர்கள். முதலில் வந்த வெள்ளையர் கண்டு மயங்கிய, பூந்தோட்டம் போன்ற அந்த வெளி, காடு தானாக அமைந்ததல்ல; அது ஒரு மக்களின் வேளாண்மை. அவர்களை அகற்றி, நெருப்பையும் தடைசெய்த பின் பைன் மரங்கள் நெருங்கி வளர்ந்தன. இன்று கலிபோர்னியாவின் பெருங்காட்டுத்தீக்களுக்கு அந்த நெருக்கமும் ஒரு காரணம் என்கிறார்கள். மியூர் 'அழுக்கு' என்றது மனிதரை. தொத்துயா 'அழுக்கு' என்றது மனிதர் கைவிட்ட நிலத்தை. தொத்துயா 1931 இல் காலமானார்.

பள்ளத்தாக்கில் பூங்கா நிர்வாகம் 1930களில் கட்டிக்கொடுத்த சிறு வீடுகளில் பூர்வகுடிக் குடும்பங்கள் சில வாழ்ந்தன. அங்கு நிரந்தர வேலை பார்ப்பவர் மட்டுமே குடியிருக்கலாம் என்று 1953 இல் விதி வந்தது. வேலை போனால் வீடு போகும். இவ்வாறு வெறுமையான வீடுகள் ஒவ்வொன்றாக அகற்றப்பட்டன. 1969 இல் கடைசியாக நின்றவை தீயணைப்புப் பயிற்சிக்காக எரிக்கப்பட்டன. பள்ளத்தாக்கில் வேலை பார்த்து வசித்த கடைசி மனிதர் 1996 இல் ஓய்வு பெற்று வெளியேறினார். நீண்ட கோரிக்கையின் பின்னர், 2018 இல் பூங்காவுக்கும் தென் சியரா மீவொக் மக்களுக்கும் இடையே ஏற்பட்ட உடன்படிக்கை, பழைய குடியிருப்பு இருந்த அதே இடத்தில் வாஹோகா என்ற பண்பாட்டுக் கிராமத்தை அவர்கள் மீண்டும் எழுப்ப வழிவகுத்தது. 2019 ஜூனில் கலிபோர்னிய ஆளுநர் கவின் நியூசம், மாநிலத்தின் சார்பில் பூர்வகுடிகளிடம் மன்னிப்புக் கோரினார். நடந்ததை இனப்படுகொலை என்ற சொல்லாலேயே அவர் குறிப்பிட்டார். அந்தச் சொல்லை ஓர் அரசின் தலைவர் வாயிலிருந்து கேட்க 168 ஆண்டுகள் சென்றன.

இரண்டாவது இரவு

இரண்டாவது இரவு நெருப்பைச் சுற்றி இருந்தபோது பேத்தி மறக்காமல் கேட்டாள். நான் சொன்னேன், எல்லாவற்றையும் அல்ல. மகன் சுடப்பட்டதைச் சொல்லவில்லை. ஏரிக்கரையில் பிடிபட்டவர்களைப் பற்றியும், தெனாயா சொன்ன பதிலைப் பற்றியும், 78 ஆண்டுகள் கழித்து வந்த பேத்தியைப் பற்றியும் சொன்னேன்.

"அப்போது அவர்களும் இங்கே காம்ப் பண்ணினார்களா?" என்று கேட்டாள்.

பிடித்தவர்களும் பிடிபட்டவர்களும் அந்த இரவை மலையிலேதான் கழித்திருப்பார்கள். இதே நட்சத்திரங்கள், இதே குளிர், இதே பைன் விறகின் புகை. அவர்களும் முகாமில்தான் இருந்தார்கள் அம்மா, ஆனால் அது வேறு முகாம் என்றேன். என் பெறாமகன் நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். பதின்மூன்று வயதில் வன்னியில் தறப்பாள் கூடாரத்துக்குள் ஒரு மாரிகாலம் முழுவதையும் கழித்தவன் அவன். பிள்ளைகளுக்கு அதைப்பற்றி அவன் சொன்னதில்லை. அவன் ஏன் ஒவ்வொரு கோடையிலும் விரும்பிப் போய்க் கூடாரம் அடிக்கிறான் என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே ஓரளவு விளங்கியது. கூடாரம் என்பது சிரித்துக்கொண்டு படுத்துறங்கும் இடம் என்று தன் பிள்ளைகளாவது நினைக்கட்டும் என்று அவன் எண்ணியிருக்கலாம். அதில் பிழை இல்லை. ஆனால் அந்த நிலம் எவருடைய வீடாக இருந்தது என்பதையும் பிள்ளைகள் அறிந்து உறங்குவது நல்லது.

"அவர்கள் இப்போது எங்கே, அப்பப்பா?"

இங்கேதான், அருகிலுள்ள ஊர்களில் இருக்கிறார்கள் என்று சொல்ல முடிந்தது ஆறுதலாக இருந்தது. மரிபோசாவிலும் மோனோ ஏரியின் பக்கத்திலும் அவர்களின் பிள்ளைகளின் பிள்ளைகள் வாழ்கிறார்கள். இனி ஒருபோதும் திரும்பி வரமாட்டார்கள் என்று பனல் சொன்னது முழுமையாகப் பலிக்கவில்லை.

மறுநாள் காலையில் பெறாமகன் கூடாரத்தைச் சுருட்டிக் கட்டினான். நெருப்பு வளையத்துக்குள் தண்ணீர் ஊற்றி, சாம்பலைக் கையால் தொட்டுச் சூடில்லை என்று உறுதிசெய்தான். வீடு திரும்பும் வழி மேற்கே இருந்தது. பேத்தியின் பிடிவாதத்தால் முதலில் கிழக்கே ஏரிவரை போனோம். அவள் கண்ணாடியை இறக்கி, நீரைப் பார்த்து, நாக்குப் புரளாமல் இரண்டு மூன்று தடவை முயன்று, ஏரியின் பழைய பெயரைச் சொன்னாள். பின்னர் நாங்கள் வாகனத்தைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் புறப்பட்டோம்.